ஆனைப்பார், மூன்றாம் போத்தல்

உவரியிலிருந்து வரும் பேருந்தில்
திசையன்விளையில் ஒருமுறை, நாங்குநேரியில் ஒருமுறை
காலால் எத்துப்பட்டு
பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது ஐஸ் பெட்டி.
உள்ளே மீன் இல்லை.
கடல், லிட்டர் கணக்கில்.
நடத்துநர் லக்கேஜ் கேட்டாராம்.
"வெறுந் தண்ணிக்கா?" என்று சண்டை போட்டிருக்கிறார் கஸ்பார்.

ஆறு போத்தல். ஐந்து ஆனைப்பாரில் முக்கி எடுத்தது.
ஆறாவது கடலையே தொடாதது:
படகில் ஏறி, வெயிலில் காய்ந்து, மூடி திறந்து மூடி
சும்மா போய்வந்த சுத்த நீர்.
நான் பொய் சொன்னால்
காட்டிக்கொடுக்க வேண்டியது அதுதான்.

வடிகட்டினேன்.
காலணா அகலத் தாளில்
மீன் செதில், நண்டு உரித்த சட்டை,
பவளம் துப்பிய சளி,
யார்யாரோ கடந்துபோன மிச்சம்.
இத்தனை டி.என்.ஏ. நெரிசலில் தேடவேண்டியது ஒருத்தியை:
வேரில்லாமல் விதையில்லாமல்
ஒடிந்த துண்டே தாயாகி
பவளத்தின் மேல் பாய் விரித்து
வெயிலை மறைக்கிறவள்.

ராத்திரி மின்சாரம் ஒருதரம் கண் சிமிட்டியது.
இயந்திரம் சூடாகி, ஆறி, சூடாகி
ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி.
முப்பத்தாறு சுற்று வரை
எல்லாக் கோடும் தரையில் கிடந்தன.
முப்பத்தேழில்
மூன்றாம் போத்தலின் கோடு,
படுத்திருந்த நாய் தலைதூக்குவதுபோல.
ஆறாவது அசையவில்லை.

"முங்கிப் பாத்தேன் மேடம். ஒரு தழைகூடக் காங்கல."
தண்ணீரில் இருக்கிறது என்றேன்.
"எங்கன்னு சொல்லுதா?"
சொல்லாது.
"உசுரோட இருக்கா?"
சொல்லாது.
"வாநீவாட்டுல வந்ததா, இங்கனயே பிடிச்சதா?"
நான் பேசவில்லை.
"நல்ல கோள்மூட்டியா இருக்கே உங்க தண்ணி.
பத்தவெச்சிட்டு வாய மூடிக்கிடுது."

படிவத்தில் ஒரு கட்டம்: காணப்பட்டதா?
பார் என்றால் அவருக்குக் கடலடிப் பாறை.
எனக்கு அது ஏவல்.
கண்ணால் கண்டதற்கு மட்டும்தான்
கட்டம் அடித்து வைத்திருக்கிறார்கள்.

பேனாவைத் திறந்தபோது மறுபடி போன்.
"மண்டபத்துல எங்க அக்கா
மூங்கி மிதவையில அந்தப் பாசிதான் கட்டுதா.
என் எஞ்சின் அவ காசு.
அந்தோணியார் திருநாளுக்கு வந்தப்ப
பழைய கயிறு ஒரு சுருள் குடுத்தா.
அதுலதான் நங்கூரம் கட்டியிருக்கேன்."

இருபக்கமும் கொஞ்ச நேரம் இரைச்சல்.
அவர் பக்கம் அலை.
என் பக்கம் குளிர்பெட்டி.
"சொல்லாமலே இருந்திருக்கலாம், என்ன?" என்றார்.

கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: கயிறு.

பழையதைக் கரையில் காயப் போடச் சொன்னேன்.
கடலில் எறிய வேண்டாம் என்று இரண்டுமுறை சொன்னேன்.
புதுக் கயிறுக்கு இருநூற்று நாற்பது ரூபாய்,
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.
வியாழக்கிழமை ஏழு போத்தல் போகிறது.
ஏழாவதில்
அந்தக் கயிற்றை அலசி அனுப்பட்டும்.