நான்காம் எண்

ஒஸ்த்ராவாவில் கடைசி டிராமும் போய்விட்டது.
ஷட்டர் பாதி இறங்கிய பீர்க்கடையில்
ஆறு குவளைகள், அடியில் சாக்பீஸ் எண்கள்.
யார்மிலா தன் கம்பளித் துண்டால்
போர்ஷிவோயின் கண்ணைக் கட்டினாள்.
துண்டில் வறுத்த வெங்காய வாசம்.
"இதையும் சேர்த்தா மார்க் போடணும்?"

ஒன்று: பெல்ஜியம். புளித்த செர்ரி, ஈரச் சாக்கு.
இரண்டில் ரொட்டியின் கருகிய ஓரம்.
மூன்று ஆரஞ்சுத்தோல்.
"கப்பலில் வந்திருக்கிறது, பாவம், களைப்பு" என்றான்.
சிரித்தோம்.

நான்கை விழுங்கிவிட்டு
வெகுநேரம் பேசவில்லை.
"கசக்கிறது,
எதற்கென்று அதற்கே தெரியவில்லை.
காய்ச்சியவனுக்கு ஏதோ அவசரம்.
பத்துக்கு நான்கு."

யார்மிலா என்னைப் பார்த்தாள்.
நான் ஷட்டரைப் பார்த்தேன்.
ஐந்தும் ஆறும்
என்ன ருசியோ, நினைவில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள்.
கண் கட்டிய காக்கையைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

கட்டவிழ்த்துப் பட்டியலைப் படித்தான்.
நான்காவதின் நேரே அவன் பெயர்,
அவன் கராஜ், போன மாதத் தேதி.

பென்சிலை எடுத்தான். மார்க்கைத் திருத்தவில்லை.
குவளை ஓரத்து நுரையை
விரலால் வழித்து நக்கிவிட்டுச் சொன்னான்:
"அவசரம்தான்.
பக்கத்து அடுப்பில் அன்று
பாப்பாவின் பால்புட்டி கொதித்துக்கொண்டிருந்தது."