எழுபதாம் நிமிடம்

தார்த்துவில் பிப்ரவரி. வெளியே மைனஸ் பதினெட்டு.
குடுவைக்குள் முப்பது, இம்மியும் குறையாமல்.

ஊரை இரண்டாகப் பிரிக்கும் ஆறு உறைந்து கிடக்கிறது.
தாய் ஆறு என்று அதற்குப் பெயர்.
குடுவையில் ஈஸ்ட்டும் உறைந்துதான் நிற்கிறது,
குளிரால் அல்ல.
ஒரு வாசனையை ஊற்றி நிறுத்தியிருக்கிறாள் ஹெல்வே,
வராத மணமகனின் வாசனை.
இரண்டரை மணி நேரமாகக் கோடிக்கணக்கான செல்கள்
மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருக்கின்றன.

ஒன்பது ஐந்துக்குக் கழுவிவிட்டாள்.
வரமாட்டான் என்றானதும்
தத்தம் வேலையைப் பார்க்கக் கிளம்பின,
எல்லாம் ஒரே நேரத்தில்.
அதற்காகத்தான் இவ்வளவும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு துளி.
ஸுராப் உறிஞ்சித் தருவான்,
அவள் திரவ நைட்ரஜனில் முக்குவாள்.
எழுதிக்கொண்டிருந்த ஆர்.என்.ஏ. பாதி வாக்கியத்தில் நிற்கும்.

பத்து: சத்தமில்லை.
மரபணு வாசலில் ஒரு புரதம் குந்தியிருக்கிறது.
முதுகில் பாஸ்பேட் ஏற ஏற
எழுந்து, உட்கருவை விட்டே போய்விடுகிறது.
இருபது: இருநூறு மரபணுக்கள் வாய் திறக்கின்றன.
முப்பது: இரட்டிக்கும் டி.என்.ஏ.வைச் சுற்றி வைக்க
ஹிஸ்டோன் வேண்டும், இப்போதே வேண்டும்,
வேலை முடிந்த கணம் அந்தக் குரல் அடங்கவும் வேண்டும்.
மிஞ்சினால் நஞ்சு.

"எங்கள் விருந்தில் தமதா சொல்லாமல்
ஒருவரும் கோப்பையைத் தூக்கமாட்டோம்.
இங்கே தமதா யார்?" என்கிறான் ஸுராப்.
"ஒருத்தர் குடித்து வைக்கும் சத்தம்தான்
அடுத்தவருக்கு ஜாடை" என்கிறாள்.
அவனுக்குத் திருப்தியில்லை. காபி எடுக்கப் போனான்.

கைபேசி அதிர்ந்தது. ரீகாவிலிருந்து மகள்:
வீட்டுச் சாவியைத் தபாலில் போட்டுவிட்டேன்.
வேறொன்றும் இல்லை.
இரண்டாம் முறை படித்தாள்.
மணி அடித்ததும் ஓய்ந்ததும் கேட்கவில்லை.

எண்பதாவது துளியில் கொஞ்சம்
நுண்ணோக்கியின் அடியில்.
பச்சையாய் ஒளிரும் ஒரு புரதம்:
தாயின் உட்கரு இருட்டு,
மகளின் உட்கருவில் மட்டும் விளக்கு.
நடுச்சுவரைக் கரைக்கும் மரபணுக்களை
அந்த வெளிச்சத்தில்தான் வாசிக்க முடியும்.
கத்தரிக்கோல் மகள் பக்கத்தில்.
நறுக்கியபின் தாயின் மேல் ஒரு வட்ட வடு.
வடுக்களை எண்ணித்தான் ஈஸ்ட்டுக்கு வயது சொல்வார்கள்.
மகளோ உடனே அடுத்த சுற்றுக்குப் போவதில்லை.
சின்னவள். இன்னும் கொஞ்சம் வளரவேண்டும்.

"நடுவில் ஒரு புள்ளிதானே,
அறுபதையும் எண்பதையும் கோடு போட்டு இணைத்துவிடலாம்"
என்றான் ஸுராப், இரண்டு கோப்பைகளோடு.

அவள் அட்டவணையில்
எழுபதுக்கு எதிரே எழுதினாள்:
எடுக்கவில்லை. ஹெ.
தொண்ணூறுக்கான குழாயைத் திறந்து வைத்தாள்.