மான் கடிச்ச கை

உவர்மலை செரீன் பூபாலசிங்கத்தின்ர
சாம்பல் பட்டுச் சட்டையை
கடை வாசல் கொடியில போட்டுட்டு
தேத்தண்ணி குடிக்கப் போனன்.
திரும்பி வந்தா
டொக்யார்ட் வீதி மான் ஒண்டு
இடது கையைச் சப்பிக்கொண்டு நிக்குது.

துணி மிச்சமில்லை. பின்னேரம் ஏழு மணிக்கு
நிலாவெளி ஹோட்டலில பார்ட்டி.
மணிக்கட்டு மட்டும் இருந்த கை
முழங்கையோட முடிஞ்சு
நூல் நூலாத் தொங்குது.
காசைத் திருப்பித் தாறன் எண்டன்.
அவள் போட்டுக்கொண்டு வந்து
கண்ணாடிக்கு முன்னால நிண்டாள்,
ஒருக்காச் சரிஞ்சு பார்த்தாள்.
"தைக்கவேண்டாம் அண்ணை."
அப்படியே ஓட்டோவில ஏறிப் போட்டாள்.

அடுத்த கிழமை பதினொரு பேர் வந்தினம்:
ஒரு கை நீளம், ஒரு கை பிஞ்சது.
ஆனியில கொழும்பில மேடை, வெளிச்சம்,
சிரிக்காமல் நடந்த பெட்டையள் ஒருத்திக்கும்
இடது கை முழுசா இல்லை.
டிசைனர் பேட்டியில சொன்னவராம்:
அது கடலின்ர அரிப்பாம்,
காலத்தின்ர காயமாம்.

செரீன் வாயே திறக்கேல்லை.
இப்ப அவள் முழுக்கைச் சட்டை,
கழுத்து மட்டும் பொத்தான்.
அதையும் நாலு பேர் பார்த்திட்டினம்.

எனக்கு இன்னும் பழைய ஓடர் முப்பது கிடக்கு.
கத்தரியால வெட்டினா
கத்தரி வெட்டின மாதிரியே இருக்கு.
அதுக்குப் பல்லு வேணும்.
மத்தியானத்தில கதவைச் சாத்திப்போட்டு
துணியை நனைச்சு
நானே கடிக்கிறன்.
பட்டு கொஞ்சம் உப்புக் கரிக்கும்.

வெளியில அது நிக்குது,
வாழைப்பழத் தோலுக்கு.