ஆறுதலா

அனுராதபுரத்தில்
ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்கால் பஸ்.
குடிநீர்த் திட்டத்துக்கென்று வந்து
பதினான்கு மாதமாகிறது.
கடல் பார்க்கணும் என்று
சுடலைமணியிடம் சொல்லியிருந்தேன்.
கடலா எனக்குப் புதிது?
திருச்செந்தூரில்
அலைச் சத்தத்துக்குள் பரீட்சைக்குப் படித்தவள்.
மீதிச் சில்லறையோடு
தமிழில் ஒரு வார்த்தையும் கிடைக்கிற ஊர்
மூன்று மணி நேரத்தில் இருக்கிறது என்றார்கள்.
அதற்குத்தான்.

வழியெல்லாம் பலகைகளில் மூன்று எழுத்து.
நடுவிலிருப்பதை மட்டும்
பசித்தவள்போல் படித்துக்கொண்டு வந்தேன்:
மருந்தகம். பலசரக்கு.
கவனம், யானைகள் கடக்கும்.

திருகோணமலையில் இறங்கியதும்
ஆட்டோக்காரர் மனைவியிடம் போனில் கேட்டார்:
"வெளிக்கிட்டிட்டியோ?"
சுடலைமணி சிரிக்குமுன் காலை மிதித்தேன்.
எங்களூரில் அந்தக் கேள்வியை
டாக்டர் மட்டும்தான் கேட்பார்.

கோட்டைக்குள் புள்ளிமான்கள்.
ஒன்று வந்து
நாங்கள் வந்த டிக்கெட்டைத் தின்றது.
கோணேசர் படியில் பூ விற்றவர் கேட்டார்:
"எந்த இடம்?"
"நாங்களும் தமிழ்தான்."
"அது விளங்குது பிள்ளை.
எந்த இடமெண்டுதான் கேட்டனான்."

அதற்குப் பிறகு
நான் பேசுவதெல்லாம்
எனக்கே கேட்க ஆரம்பித்தது.

அவனுக்குப் புறாத்தீவு போகவேண்டும்,
படகுக்கு விலையும் பேசிவிட்டான்.
எனக்கு எங்கும் போகவேண்டாம்.
டச்சுக்குடா மணலில்
ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றோம்.
"பின்ன எதுக்கு வந்தோம்?" என்றான்.
நியாயமான கேள்வி.

பங்குனியில் அப்பா போனார்.
மறுநாள்தான் விமானம்.
பாடையை உள்ளங்கை அகலத்தில் பார்த்தேன்.
தூக்குகிற நேரத்தில்
திரையில் ஒரு வட்டம்
சுற்றிக்கொண்டே நின்றது.
பக்கத்து வீட்டு குசுமா
கையைப் பிடித்து நிறையச் சொன்னாள்.
அவள் பாஷையில் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.
நான் தலையாட்டினேன்,
பில் தொகை சொன்னால் ஆட்டுவதுபோல.

மூன்று மேசை போட்ட கடை.
சோறு, சொதி, பொரித்த சூடைமீன்,
இடித்த சம்பல்.
மூன்றரைக்குப் பஸ் என்று
அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தேன்.
கரண்டியோடு வந்த அம்மா
குனிந்து சொன்னாள்:
"ஆறுதலாச் சாப்பிடுங்கோ."

யார் சொன்னார்கள் இவளுக்கு?

சோற்றில் விரல் அப்படியே நிற்க
மூக்கும் கண்ணும் ஒழுகி
சொதியில் விழுந்தது.
அவள் பதறி
ஒரு கதலிப் பழத்தை உரித்தே கொடுத்தாள்.
"உறைப்போ?"
"ஓம்" என்றேன்.
அந்த ஊர்ச் சொல்லை
முதல்தடவையாக, பொய்க்கு.

வெளியே வந்து சுடலைமணி
செருப்பில் மணலைத் தட்டியபடி சொன்னான்,
"இங்க அதுக்கு மெதுவான்னு அர்த்தம்.
சைட்டுல குழாய் இறக்கும்போது
அதைத்தான் கத்துவாங்க."
"தெரியும்" என்றேன்.
தெரியாது.
கொஞ்ச தூரம் நடந்தபின்
அவன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான்.
அதிலும் மணல்.

திரும்பும் பஸ் பறந்தது.
"கன்னியா, கன்னியா" என்று நடத்துநர் கூவ,
வெந்நீர்க் கிணற்றடியிலிருந்து
ஒரு குடும்பம் ஏறியது.
அன்றைக்கு மழித்த தலையோடு ஒரு பையன்.
அவன் அம்மாவுக்குக் கூந்தல் காயவில்லை,
கையில் வெறும் செம்பு.
யாருக்கு என்று கேட்கவில்லை.
அங்கே முப்பத்தொன்றாம் நாள் காரியம் செய்வார்கள் என்று
காலையில் ஆட்டோக்காரர் சொல்லியிருந்தார்.

பஸ் குலுங்க,
அவள் கம்பியைத் தேடினாள்.
ஜன்னலோரம் ஒடுங்கி இடம்விட்டேன்.
சொல்லலாமா என்று
ஒரு மைல் தூரம் யோசித்து
சொன்னேன்:
"ஆறுதலா உட்காருங்க."

உட்கார்ந்தாள். செம்பை மடியில் கவிழ்த்தாள்.
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
"இந்தியாவோ?"