மூன்றுக்கு மேல் திருப்பவில்லை

இருபத்திரண்டு கிலோ.
அதில் இரண்டு கிலோ பனி என்கிறான் இல்போ,
பேருந்து நிறுத்தத்திலிருந்து
பிள்ளைகளின் சறுக்குவண்டியில் கட்டி
இழுத்து வந்தவன் அவன்தானே.

ஔலு நகரம், ஜனவரி,
மதியம் மூன்றுக்கே இருட்டு.
அடுக்குமாடிக்கு அடியில்
போர் வந்தால் பதுங்கக் கட்டிய நிலவறை.
போர் வரவில்லை, நாங்கள் வந்தோம்.
ஒரு சாண் தடிமனில் இரும்புக் கதவு,
மாதம் அறுபது யூரோ,
இரவு எட்டுக்கு மேல் மூச்சு விடக் கூடாது.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே வந்ததும் ஆம்ப்ளிஃபயருக்கு
வியர்த்துக் கொட்டியது.
வியர்வை காயும்வரை
மின்சாரத்தைக் காட்டாதே என்றிருந்தார் கடைக்காரர்.
இரண்டு மணி நேரம்
அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு
ஃபிளாஸ்க் காப்பியைக் குடித்துத் தீர்த்தோம்.
பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இவ்வளவு நேரம் பேசாமல் இருக்கமாட்டார்கள்.

பிறகு முதல் விசை.
வால்வுகளுக்குள் சின்னச் சின்ன ஆரஞ்சுப் புழுக்கள்.
புதுச் சட்டையில் இஸ்திரி வைத்த வாசனை.
இரண்டாம் விசை.
மீன்கடைக் குளிர்பெட்டிபோல் ஓர் உறுமல்,
அவ்வளவுதான்.

கெயின் குமிழ் பத்து வரை போகும்.
ஒன்றில், தும்மல்.
இரண்டில், சாலையில் சரளை தூவும் லாரி.
மூன்றில்
உள்ளங்கையால் தந்தியை அமுக்கி ஒரு தட்டு தட்டினேன்.

தும்.

காற்சட்டையின் தொடைத்துணி அசைந்தது.
இல்போவின் சிணுங்குமுரசு
தொடாமலே சிணுங்கியது.
தும் தும் துதும்.
இடையில் ஒரு பிசிறில்லை.
என் பழைய ஆம்ப்
அடிக்கும் அடிக்கும் நடுவே சேறு பூசும்;
ஒன்பது வருடம் அந்தச் சேற்றில் படுத்திருந்தது
என் இடக்கைச் சுண்டுவிரலின் சோம்பல்.
இன்று எழுப்பி
நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டது இது.
காகித ஆலை மூடும்போது கொடுத்த பணத்தில்
என் குற்றப்பத்திரிகையை
நானே விலைக்கு வாங்கியிருக்கிறேன்.

(மற்றபடி: சுத்த ஒலிச் சானல், உப்பில்லாக் கஞ்சி.
கைப்பிடி மெலிது. கால்விசையின் கம்பி குட்டை.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
அர்வோ போனதால் வாங்கினேன்.
நார்வேயில் சால்மன் பண்ணை, நல்ல சம்பளம்.
அவன் பேஸ் பெட்டி இருந்த இடத்தில்
கம்பளம் இன்னும் சதுரமாய்ப் புதுசு.
இருவரே மூவராக ஒலிக்க வேண்டும்,
அதுதான் கணக்கு.

அடிக்குரல் குமிழை ஏழுக்குத் திருகினேன்.
கணக்கு சரியாக வந்தது.
தரையிலிருந்து எழுந்து
அறையின் மூலைமுடுக்கெல்லாம் அடைத்தது சத்தம்.
அர்வோ இல்லாதது தெரியவே இல்லை.

இல்போ வாசிப்பதை நிறுத்தினான்.
குச்சியைச் சட்டையில் துடைத்தான்.
"நல்லாத்தான் இருக்கு, துய்ரே" என்றான்.
அவன் வாயில் அது ஒரு முழுச் சொற்பொழிவு.
ஆனால் திரும்ப உட்காரவில்லை.
சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை
முதல் தடவையாகப் படிக்க ஆரம்பித்தான்.

ஆறு. ஐந்து.
நான்கில் நிறுத்தினேன்.
நடுவில் ஓர் ஓட்டை விழுந்தது,
ஆள் உயரத்துக்கு.
இல்போ வந்து உட்கார்ந்து
நாலு எண்ணினான்.

ஏழு ஐம்பதுக்குக் கதவு தட்டப்பட்டது.
இரண்டாம் மாடி கெர்த்து,
கையில் ஈரத் துண்டு:
சலவை இயந்திரம் தானாக நடந்து
வாசல்வரை வந்துவிட்டதாம்.
மன்னிப்புக் கேட்டு அணைத்தோம்.

கண்ணாடிகள் டிக் டிக்கென்று ஆறுகையில்
இருபது நொடிப் பதிவை
அர்வோவுக்கு அனுப்பினேன்.
கோட்டுப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள்
பதில் வந்தது:

பேஸ் கம்மி.