கூட்டுத்தொகை

விலை முதலில் பதினைந்து ரிங்கிட்.
பன்னிரண்டாக்கினேன். பிறகு ஒன்பது.
பட்டர்வொர்த் படகுத்துறையில் நின்றபோது
சும்மாவே கொடுத்துவிடலாம் போலிருந்தது.

கல்யாணச் செலவுக் கணக்குக் கோப்பு, அவ்வளவுதான்.
மண்டபம், மேளம்,
சொல்லாமல் வந்து சேரும் நாற்பது பேர்,
எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம்.
என் கல்யாணக் கடன் அடைந்த மூன்று வருடத்தில்
ராத்திரி ஷிஃப்ட் முடிந்து முடிந்து செய்தது.

இதை யார் வாங்குவார்கள் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
நான்தான் கேட்டேன், தினமும்,
பாயான் லெப்பாஸ் பஸ்ஸில்.

படகு நகர்ந்தது.
அக்கரை சேர்வதற்குள் என்று
யாரிடமோ பந்தயம் கட்டியவள்போல் அழுத்தினேன்.
நடுக்கடலில் லைன் போனது.
திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.
அப்பாடா என்றுகூட இருந்தது.

வெல்ட் கீயில் இறங்கிப் பார்த்தால்
வெளியாகியிருந்தது.

நான்கு நாள் ஒன்றுமில்லை.
ஐந்தாம் நாள், சித்தியவானிலிருந்து மாதங்கி:
"சிஸ்டர், மாலைக்குக் கொடுத்த காசு
கூட்டுத்தொகையில் சேரவில்லையே?"

முகம் சுட்டது.
திறந்து பார்த்தேன். உண்மைதான்.

திருத்தி அனுப்பிவிட்டு
விலையைப் பதினைந்தாக்கினேன்.