தண்ணீர் முறை

தனிப் பயணம், விருந்தினர் ஒருவர், முழு நாள்,
மதியச் சாப்பாடும் சேர்த்து நூற்று நாற்பது யூரோ.
ஃபுன்ஷால் விடுதி வாசலில் எட்டு மணி என்றால்
ஏழு ஐம்பதுக்கே நின்றிருந்தார்
பிரேமன் நகரத்து ஆல்ப்ரெக்ட் அம்மாள்.
கையில் குடை. இடுப்பில் பை.
சிரிப்பை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்த முகம்.

முதல் தோட்டம் மலையின் முழங்காலில்.
நீலக் கொத்துகளின் ஊடே நடந்தோம்.
பள்ளம் தெரியும் பக்கம் வரமாட்டார்,
சுவரைத் தடவிக்கொண்டே வந்தார்.
ஒவ்வொரு பூவுக்கும் பெயர் கேட்டார்,
எழுத்துக்கூட்டிச் சொல் என்றார், எழுதிக்கொண்டார்.
பதினேழாவது பூ எனக்குத் தெரியாத பூ.
ஒன்பது வருட வேலையில்
தெரியாது என்ற சொல்லுக்கு மட்டும் வாய் பழகவில்லை.
"மாமியார் காது" என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்தது இடலீனாவின் பண்ணை.
பழத்தை இரண்டாகப் பிளந்து
விதையோடு கரண்டியில் நீட்டினாள்.
"புளிப்பு" என்றார் அம்மாள். அவ்வளவுதான்.
துக்க வீட்டுக்கு வந்தவளா இவள் என்று
எங்கள் மொழியில் கேட்டாள் இடலீனா,
விருந்தினருக்கான சிரிப்பு மாறாமல்.

இரண்டு நாற்பதுக்கு என் முறை.
மலையின் வடக்கு முதுகில் பெய்த மழை
குகை வழியாக, குறுகிய வாய்க்கால் வழியாக
எங்கள் சரிவுக்கு வருகிறது.
பதினைந்து நாளுக்கு ஒரு தடவை
எனக்கு நாற்பத்தைந்து நிமிடம்.
தவறினால் மூன்று படிக் கழனியும்
அடுத்த முறைவரை வாய் பிளந்து கிடக்கும்.

"வழியில் ஒரு சின்ன நிறுத்தம்" என்றேன்.
அச்சிட்ட தாளைப் பிரித்துப் பார்த்தார்.
"இதில் இல்லையே."

இல்லைதான்.
நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையோடு
காலணி கழற்றி வாய்க்காலில் இறங்கினேன்.
கல்லைப் புரட்டி, சாக்கை உருவி, மடை திறந்தேன்.
வள்ளிக்கிழங்குப் பாத்திக்குள்
முதலில் சத்தம் போனது, பிறகு தண்ணீர்.

"எத்தனை நிமிடம்?"
சுவர்மேல் உட்கார்ந்து கைக்கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
நகரக் குடிநீர் வாரியத்தில்
முப்பத்தொரு வருடம் மீட்டர் கணக்கெடுத்தவராம்.
காலையிலிருந்து அவர் பேசியதிலேயே
நீளமான வாக்கியம் அதுதான்.

மூன்றாம் படி நனையும் முன் நூலாக இளைத்தது நீர்.
மேல் மடை ஃபுல்ஜென்சியோ.
எனக்கு அடுத்த முறை அவனுடையது;
அவன் கடிகாரம் எப்போதும் அவனுக்குச் சாதகமாகவே ஓடும்.
நானும் எப்போதும் விட்டுவிடுவேன்.
ஒரே சரிவில் இருக்கிறோம், என்ன செய்ய?

"முப்பத்தொன்பது" என்றார் அம்மாள்.
"ஆறு நிமிடம் பாக்கி."
நான் கை கழுவுவதற்குள் ஏறத் தொடங்கிவிட்டார்,
கைப்பிடி இல்லாத அறுபது கற்படி,
ஒரு பக்கம் வெறும் கடல்.
அவருக்கு எங்கள் மொழி தெரியாது,
ஃபுல்ஜென்சியோவுக்கு அதைத் தவிர எதுவும் தெரியாது.
குடை நுனி கடிகாரத்தைத் தொடுவது தெரிந்தது,
பிறகு மடையை,
பிறகு அவன் நெஞ்சை.
தண்ணீர் திரும்பி வந்தது.

திரும்பும்போது கார் முழுக்கச் சேற்று வாசம்.
கடைசித் தோட்டத்தை விட்டுவிட்டோம், அவர் கேட்கவில்லை.
சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது
நோட்டைத் திறந்தார்.
"மாமியார் காது என்று ஒரு பூ இருக்க முடியாது."
"தெரியாது" என்றேன்.
ஒன்பது வருடத்தில் முதல் தடவை.
கோடு போட்டு அடித்தார்.
"தெரியாது. எழுத்துக்கூட்டிச் சொல்."

பதினைந்து நாள் கழித்து மேலேயிருந்து குரல் கொடுத்தான் ஃபுல்ஜென்சியோ,
மடைக்கல்லில் ஒரு கை வைத்தபடி:
"லெயோன்டீனா, அந்தக் குடைக்காரி போய்விட்டாளா?"

"காரில் உட்கார்ந்திருக்கிறார்" என்றேன்.